வண்ணம்: இல்லை

திங்கட்கிழமை காலை அருங்காட்சியகத்தின் பராமரிப்பு அறையில் ஊறல் தொட்டியின் மூடியைத் திறந்தபோது தண்ணீர் மேலே தெளிவாக இருந்தது. அடியில்தான், கிண்ணத்தைச் சுற்றி, மஞ்சளும் செங்கல் நிறமும் கொஞ்சம் பச்சையுமாக மெல்லிய வண்டல் படிந்து கிடந்தது. நெலிதா ஒரு விரலை உள்ளே விட்டாள். வண்டல் கலங்கி எழுந்தது. எழுந்த பிறகு எது எந்த நிறம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என்ன நடந்திருக்கிறது என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கில், மண்ணுக்கடியில், இரண்டு வகைப் பானைகள் கிடைக்கின்றன. ஒரு வகை, வண்ணம் தீட்டிய பிறகு சுட்டது. வண்ணம் மண்ணோடு சேர்ந்து வெந்துவிடும். மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் போகாது. இன்னொரு வகை அதைவிடப் பழையது. சுட்டு ஆறிய பிறகு, கீறிய கோடுகளுக்கு நடுவே மரப்பிசினில் குழைத்த வண்ணத்தை அப்பியிருப்பார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான பிசின். அதற்குத் தண்ணீர் ஆகாது. பழம்பொருள் பராமரிப்பைப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற பாடம் இது.

சந்தேகம் இருந்தால் பஞ்சு நுனியை நனைத்து ஓர் ஓரத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் அதைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒரு நிமிட வேலை.

வெள்ளிக்கிழமை அவள் முன்னால் ஐந்து பாத்திரங்கள் இருந்தன. நான்கை ஒற்றிப் பார்த்தாள். நான்கும் சுடுவதற்கு முன் தீட்டியவை. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாவது இந்தக் கிண்ணம். மண்ணும் உப்பும் சேர்ந்து இறுகிப்போய், கோடு எது, குழி எது என்று தெரியாமல் கிடந்தது. அந்தப் பள்ளத்தாக்கு மண்ணில் உப்பு அதிகம். உப்பு பானைக்குள் ஏறி, காய்ந்து, உள்ளிருந்து உரித்துவிடும். அதனால் எதையும் தூய நீரில் ஊறப்போட்டு, தினமும் நீர் மாற்றி, உப்பை இறக்குவார்கள். அன்றைக்குத் திராட்சை அறுவடைத் திருவிழா தொடங்கியிருந்தது. ஐந்து மணி பஸ்ஸுக்கு அக்கா குடும்பம் காத்திருந்தது. நெலிதா கிண்ணத்தையும் மற்ற நான்கோடு சேர்த்து இறக்கிவிட்டாள்.

படமும் எடுக்கவில்லை. தொடுவதற்கு முன் படம் என்பது விதி. சேறு பூசிய முகத்தை எதற்குப் படம் எடுப்பது, கழுவிய பிறகு எடுக்கலாம் என்று நினைத்தாள்.

இன்னொன்றும் உண்டு. தொட்டியில் இறக்குவதற்கு முன் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்தாள். அந்த ஊர் மண்ணே மஞ்சள்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இப்போது கிண்ணத்தை இரண்டு கைகளாலும் எடுத்துத் துணிமேல் வைத்தாள். கறுத்த மண். அழகான கீறல்கள். அகன்ற காதுகளும் வட்டக் கண்களும் கொண்ட ஒரு காட்டுப்பூனையின் முகம். கோடுகள் எல்லாம் இருந்தன. கோடுகளுக்கு நடுவே எதுவும் இல்லை.

மற்ற நான்கையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, தொட்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்கட்டுச் சாக்கடையில் சாய்த்தாள். வடிதாளில் ஊற்றியிருந்தால் வண்டலையாவது பிடித்திருக்கலாம் என்று சாய்க்கும்போதே தோன்றியது. தோன்றிய பிறகும் கை நிற்கவில்லை.

பிறகு பதிவேட்டில் எழுதினாள். உருவம்: காட்டுப்பூனை முகம், கீறல் கோடுகள். நிலை: நன்று. வண்ணம்: இல்லை.

எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதிய நேரத்தில் வண்ணம் இல்லைதான்.

*

அந்தக் கிண்ணம் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வந்தது. கொண்டுவந்தவள் லிதுவினா முன்யாந்தே. ஹுவாரங்கால் என்ற ஊர்க்காரி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாளி நிறையப் பஞ்சு அடைத்து, நடுவில் கிண்ணத்தைப் புதைத்து, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னம்மா, முட்டையா?" என்று கேட்டார் வாசல் காவலாளி மார்சியால்.

"ஆமா, ரெண்டாயிரம் வருஷத்து முட்டை. பொரிச்சுத் தரவா?"

வாய்க்காலை ஆழப்படுத்தும்போது கிடைத்ததாம். தலைநகர் லிமாவிலிருந்து ஓர் ஆள் இரண்டு முறை வந்து விலைக்குக் கேட்டானாம்.

"அவன் கார்ல வந்தான். நான் குடுக்கலை. பஸ்ல ஏறி இங்க வந்துட்டேன். எங்க ஊர்க்காரங்க என்னைப் பைத்தியக்காரிங்கறாங்க."

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள் நெலிதா. முன்பின் தெரியாதவர்களிடம் அவளுக்கு அதற்கு மேல் பேச்சு வராது.

"ஒண்ணே ஒண்ணு. பக்கத்துல ஒரு காகிதத்துல எங்க ஊர் பேரை எழுதி வையுங்க. என் பேரு வேண்டாம். ஊர் பேரு போதும்."

"சரிங்கம்மா."

ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பியவள், வாசலில் திரும்பி நின்றாள்.

"அது தூங்கிட்டு இருக்கு. மெதுவா எழுப்புங்க."

பழையவர்கள் என்று தாங்கள் சொல்லும் முன்னோரின் பாண்டங்களைப் பற்றி அந்தப் பக்கத்து மக்கள் இப்படித்தான் பேசுவார்கள். நெலிதா சிரித்துத் தலையாட்டினாள்.

*

ஏப்ரலில் புதிய கூடம் திறந்தார்கள். ஹுவாரங்காலிலிருந்து பதினைந்து பேர் ஒரே டிரக்கில் நின்றுகொண்டே வந்தார்கள். ஆண்கள் சட்டையை மேல் பொத்தான்வரை போட்டிருந்தார்கள். லிதுவினா கறுப்புக் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தாள். கண்ணாடிப் பேழைக்குள் கிண்ணம். பக்கத்துச் சிறிய அட்டையில் ஊர்ப் பெயர். அந்த அட்டையை ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கு இன்னொருவர் விரல் வைத்துக் காட்டினார்.

லிதுவினா அட்டையைப் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் சட்டி இல்லை."

அருங்காட்சியகத்தின் இயக்குநர் டாக்டர் உச்சுயா பக்கத்தில்தான் இருந்தார். மரியாதையான மனிதர். "ஏம்மா அப்படிச் சொல்றீங்க?"

"இதுக்குக் கண்ணு இருந்துச்சு. மஞ்சக் கண்ணு. பெரிய அவரைக் கொட்டை அளவு. புருவம் பச்சை. வீட்டுல ஒரு சில்லு மண்ணு உதிர்ந்தப்போ பாத்தேன். என்னையே பாத்துச்சு."

"மண்ணுல அப்படித் தெரிஞ்சிருக்கும்மா. இது கீறல் மட்டும் போட்ட கிண்ணம்."

"எனக்கு மண்ணும் தெரியும், கண்ணும் தெரியும் சார்."

டாக்டர் உச்சுயா கூட்டத்தில் நெலிதாவைத் தேடிப் பிடித்தார். "நெலிதா, நீங்கதானே இதைச் சுத்தம் பண்ணீங்க. வண்ணம் ஏதாவது இருந்துச்சா?"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். லிதுவினாவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பஸ் நிற்குமா நிற்காதா என்று நடத்துநரின் முகத்தைப் பார்ப்பதுபோலப் பதிலுக்காக மட்டும் பார்த்தாள்.

"இல்லை சார்" என்றாள் நெலிதா.

"பதிவேட்டுல?"

"அதுலயும் இல்லைன்னுதான் இருக்கு."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அபெலார்தோ. ஹுவாரங்காலில் எந்தக் கூட்டமானாலும் கடைசி வார்த்தை அவனுடையது. "அப்போ விஷயம் முடிஞ்சுது. கண்ணு லிமாவுக்குப் போயிடுச்சு. சட்டி மட்டும் இங்க வந்திருக்கு."

சிலர் சிரித்தார்கள்.

"வாயை மூடு அபெலார்தோ" என்றாள் லிதுவினா.

"நான் மூடிக்கறேன் அக்கா. வீட்டுக்குப் புதுக் கூரை போட்டியே, அந்தத் தகரம் எங்க வாங்குனேன்னு மட்டும் சொல்லு."

"என் மகன் சுரங்கத்துல சம்பாதிச்சது."

"சரி சரி. சுரங்கத்துல இருந்துதான் வந்துச்சு. எந்தச் சுரங்கம்னு நான் கேக்கலை."

இந்த முறை அதிகம் பேர் சிரித்தார்கள். நெலிதா பேழையின் மறுபக்கம் நின்றாள். மூன்றே அடி தூரம். அவளுடைய கைகள் இரண்டும் வெள்ளை அங்கியின் பைக்குள் இருந்தன. ஒரு வார்த்தை போதும் என்று அவளுக்குத் தெரிந்தது.

*

ஹுவாரங்காலில் நடப்பதெல்லாம் அதன் பிறகு மார்சியால் வழியாகத்தான் நெலிதாவுக்குத் தெரிந்தது. மார்சியாலின் மனைவி அந்த ஊர்க்காரி. அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஊர்க்கதையும் திறந்துவிடும்.

"லிதுவினா அக்கா கடைக்குப் போனா பேச்சு நின்னுடுதாம்."

அடுத்த வாரம் ஒரு வரியைப் பாடியே காட்டினார்: "அபெலார்தோ பாட்டுக் கட்டியிருக்கான். மஞ்சக் கண்ணு தகரமாச்சுன்னு. நல்லாத்தான் இருக்கு பாட்டு, என்ன பண்ண."

அதற்கும் அடுத்த வாரம் அவர் பாடவில்லை. கரண்டியால் அவரைக் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சாவியை வாங்கப் போறாங்க நெலிதாம்மா."

"எந்தச் சாவி?"

"மதகுச் சாவிதான். உங்களுக்குத் தெரியாதா? அந்த ஊருக்கு மலையில இருந்து வர்ற தண்ணி வருஷத்துல ரெண்டு மூணு மாசம். யாருக்கு எத்தனை மணி நேரம்னு முறை. மதகைத் திறக்கறதும் மூடறதும் சாவி வச்சிருக்கறவங்க. பதினோரு வருஷமா லிதுவினா அக்காதான். புருஷன் செத்த அன்னைக்குக்கூட முறை தவறாம திறந்துவிட்டு வந்து அழுதவ. பழையவங்க பொருளை வித்தவ தண்ணியை விக்க மாட்டாளான்னு கேக்கறாங்களாம். வாய்க்கால் தூர் வாரற அன்னைக்கு ஊர் கூடும். கை தூக்கச் சொல்லுவாங்க. பிடுங்கிடுவாங்க."

"லிதுவினாம்மா என்ன சொல்றாங்க?"

"முதல்ல சண்டை போட்டா. இப்ப ஒண்ணும் பேசறதில்லையாம். அதான் எனக்குப் பிடிக்கலை."

அன்று பிற்பகல் நெலிதா பேழையைத் திறந்து கிண்ணத்தை வெளியே எடுத்தாள். சோதனை மேசையில் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, கோடு கோடாகப் பார்த்தாள். இரண்டு மணி நேரம். இடது கண்ணின் கீழ்க்கோட்டில், ஆழமான ஒரு கீறலுக்குள், ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசிமுனையில் பாதி அளவு. மஞ்சள்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வழி ஒன்று தென்பட்டது. மறுஆய்வில் வண்ணத்தின் தடயம் கிடைத்தது என்று ஓர் அறிக்கை எழுதலாம். இரண்டே வரி. லிதுவினா சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அவள் எதையும் விற்கவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மிச்ச வண்ணம் எங்கே போனது என்று யாராவது கேட்டால், காலம், உப்பு, மண். யாரும் யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று நினைத்தாள். முன்னால் ஒரு முறையும் இப்படித்தான் நினைத்திருந்தாள்.

*

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவள் அந்த வாக்கியங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். திராட்சைத் தோட்டங்கள் முடிந்து, மணல்மேடுகள் வந்து, மறுபடி பச்சை தொடங்கும் இடத்தில் ஊர். லிதுவினாவின் வீட்டைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. புதுத் தகரம் வெயிலில் தூரத்திலேயே மின்னியது.

லிதுவினா நிழலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறவில்லை.

"வா, மியூசியம் பொண்ணு. அந்தக் கோழியைத் தள்ளிட்டு உக்காரு. கொத்தாது. என்னை மாதிரி, சும்மா கத்தும்."

உள்ளே போய்க் கறுப்புச் சோளப் பானம் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தாள். நெலிதா பாதி குடித்தாள்.

"அம்மா, கிண்ணத்தை மறுபடி பாத்தேன். ஒரு மஞ்சள் துகள் கிடைச்சிருக்கு. கண்ணுகிட்ட. நீங்க சொன்னது சரிதான். வண்ணம் இருந்திருக்கு. அறிக்கை எழுதித் தர்றேன். நாளைக்கு ஊர்க்காரங்ககிட்ட காட்டலாம்."

லிதுவினா ஓர் அவரைக்காயைப் பிளந்தாள். கொட்டைகளைத் தட்டில் போட்டாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"ஒரு துகள்தானா?"

"ஒண்ணுதான்."

"அப்போ நான் நினைச்சது சரி." மடியிலிருந்த தோல்களைக் கீழே தள்ளினாள். "உங்களைப் போயி அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். யாரும் எதையும் மாத்தலை. யோசிச்சுப் பாத்தேன். நான்தான் கெடுத்தேன்."

"நீங்களா?"

"சில்லு உதிர்ந்து அந்தக் கண்ணு என்னைப் பாத்துச்சுன்னேன் இல்ல. பயந்துட்டேன். வீட்டுல தனியா இருக்கேன். சமைச்சா பாக்குது, படுத்தா பாக்குது. எச்சிலைத் தொட்டு மண்ணைக் குழைச்சு அது மேல அப்பி மூடினேன். ஈரம் பட்டிருக்கு. அதுல கரைஞ்சு போயிருக்கு." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பழையவங்க கண்ணை எச்சில் மண்ணு வச்சு மூடறவ யாரு? அப்புறம்தான் தெற்கு வரிசையில பாதிக் கொடி காஞ்சுது. பாத்தியா அங்க? மத்தவங்க தோட்டத்துல ஒண்ணும் ஆகலை."

நெலிதா அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு வரிசையில் பாதித் திராட்சைக் கொடிகள் பழுப்பாக நின்றன.

"நாளைக்கு நானே சாவியைக் குடுத்துடறேன். அவனுங்க கை தூக்கற வரைக்கும் நிக்க மாட்டேன். விக்கலைன்னு சொல்லிடுவேன். ஆனா கண்ணைக் குருடாக்குனேன்னும் சொல்லிடுவேன். அப்படிப்பட்டவ கையில ஊர்த் தண்ணி இருக்கக் கூடாது. அது நியாயம்தான்."

கோழி வந்து அவரைத் தோலைக் கிளறியது.

இவ்வளவு எளிதாக வரும் என்று நெலிதா எதிர்பார்க்கவில்லை. எச்சில் ஈரம், பழைய பிசின். அறிவியல்படி நடக்கக்கூடியதுதான். ஒரு கண் அளவுக்கு நடந்தும் இருக்கலாம். அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம். "அப்படி நினைக்காதீங்கம்மா, வயசான வண்ணம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். எல்லாம் அந்தந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். வேலை, பெயர், பதிவேடு.

கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நீங்க கரைக்கலைம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கரைச்சேன்."

லிதுவினா நிமிர்ந்தாள்.

"நீங்க பூசின மண்ணு அப்படியேதான் இருந்துச்சு. ஒரு மஞ்சள் புள்ளியும் தெரிஞ்சுது. பாத்தேன். பாத்துட்டும் தண்ணியில போட்டேன். அந்த மாதிரிக் கிண்ணத்தைத் தண்ணியில போடக் கூடாது. சோதிச்சுப் பாக்கணும். ஒரு நிமிஷம் ஆகும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை போட்டது. திங்கட்கிழமை வந்து பாத்தா எல்லாம் அடியில கிடந்துச்சு. கண்ணு, புருவம், எல்லாம்."

"எல்லாம்னா, முகம் முழுக்கவா?"

"முழுக்க."

"கிடந்ததை என்ன பண்ணே?"

"கொட்டிட்டேன்."

"எங்க?"

நெலிதா தரையைக் கிளறிய கோழியைப் பார்த்தாள். லிதுவினா காத்திருந்தாள்.

"சாக்கடையில."

லிதுவினா தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இன்னொரு கண்ணு என்ன நிறம்?"

"தெரியாதும்மா. படம் எடுக்கலை."

"நானும் ஒண்ணுதான் பாத்தேன்." தட்டிலிருந்த கொட்டைகளை விரலால் தள்ளித் தள்ளி ஒழுங்குபடுத்தினாள். "அன்னைக்கு அந்தப் பெரியவர் கேட்டப்போ இல்லைன்னியே. தெரிஞ்சுதானே சொன்னே?"

"தெரிஞ்சுதான்."

"அவன் தகரத்தைப் பத்திக் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நீ அங்கதான் நின்னே."

"ஆமா."

"வெள்ளைக் கோட்டுப் பையில கையை விட்டுக்கிட்டு."

"ஆமாம்மா."

"ஒரு மாசம். நான் ராவெல்லாம் எந்திரிச்சு உக்காந்து கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த விரல்தானே அப்புச்சுன்னு."

நெலிதா அழவில்லை. அழுதால் ஆறுதல் கேட்பதுபோல ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லிதுவினா எழுந்தாள். பாதி மீதமிருந்த கிளாஸை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு மதகுகிட்ட வா. இதை அங்க சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. அது மேல எதையும் பூசி மூடாதே."

"வேலை போயிடலாம்மா" என்றாள் நெலிதா. சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது.

"என் சாவி போகுதே. அது என்ன, விளையாட்டா?"

*

நெலிதா இரண்டு மணி பஸ்ஸில் நேராக அருங்காட்சியகத்துக்குப் போனாள். பதிவேட்டில் பழைய வரியை ஒரே கோட்டால் அடித்து, அடித்தது தெரியும்படி விட்டு, கீழே எழுதினாள். டாக்டர் உச்சுயாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நடந்தது, தேதி, நேரம், சோதிக்காமல் விட்டது, கொட்டியது, கேட்டபோது மறைத்தது. சோதனை அறிக்கைபோலத்தான் எழுத வந்தது. கையெழுத்திட்டு அவர் மேசையில் வைத்தாள். ஒரு நகலை மடித்து எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை வாய்க்கால் கரையில் நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். வாய்க்கால் காய்ந்து, நாணலும் குப்பையுமாகக் கிடந்தது. மலையில் மழை பெய்துவிட்டது, இரண்டு நாளில் தண்ணீர் வரும் என்று பேசிக்கொண்டார்கள். லிதுவினா மதகின் பக்கத்தில் தனியாக நின்றாள். கழுத்தில் கயிற்றில் சாவி.

"இந்தப் பொண்ணு ஏதோ சொல்லணுமாம்" என்று மட்டும் சொன்னாள்.

நெலிதா சொன்னாள்.

"கேக்கலை" என்றார் ஒரு கிழவர்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டாவது முறை இன்னும் கஷ்டமாக இருந்தது. முதல் முறை ஓடிவந்த சொற்கள் இப்போது ஒவ்வொன்றாக நின்று நின்று வந்தன.

முடித்ததும் அபெலார்தோ மண்வெட்டியில் சாய்ந்துகொண்டான். "நல்லா இருக்கு. அக்கா எத்தனை கூடை திராட்சை குடுத்தா?"

"அவங்க ஒண்ணும் குடுக்கலை."

"படிச்ச பொண்ணு. தண்ணியில போடக் கூடாததைத் தண்ணியில போட்டுட்டியாக்கும். நாங்க நம்பணும்."

நெலிதாவுக்கு வாதாடத் தெரியாது. கடித நகலை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இதைச் சார் மேசையில வச்சுட்டு வந்திருக்கேன். நாளைக்குப் படிப்பாரு."

அவன் எல்லோருக்கும் கேட்க உரக்கப் படிக்கத் தொடங்கினான், மேடையில் நிற்பவனைப்போல. மூன்றாவது வரியில் குரல் இறங்கியது. 'லிதுவினா முன்யாந்தே உண்மை சொல்கிறார் என்று தெரிந்தும், கேட்ட இடத்தில் மறுத்தேன்' என்ற வரியில் நின்றான். மீதியை மனதுக்குள் படித்தான்.

"கையெழுத்து இருக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இருக்கு."

"அப்புறம் என்ன? திராட்சைக்காகவா ஒருத்தி தன் சோத்துல மண்ணைப் போட்டுக்குவா?"

கை தூக்கச் சொன்னார்கள். சாவி லிதுவினாவிடமே இருக்கட்டும் என்று இருபத்தாறு கைகள். மாற்ற வேண்டும் என்று எட்டு. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபெலார்தோ எந்தப் பக்கமும் தூக்கவில்லை. இரண்டு கையாலும் காகிதத்தைப் பிடித்திருந்தான்.

யாரும் லிதுவினாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, யாருக்கு எந்த இடம் என்று வாய்க்காலை அளந்து பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவரவர் போய் இறங்கினார்கள்.

நெலிதா பஸ் நிற்கும் சாலையைப் பார்த்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது. நெஞ்சில் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. இத்தனை நாள் அவள் மட்டும் சுமந்தது இப்போது நாற்பது பேருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

லிதுவினா அவளிடம் வந்தாள். கையில் இன்னொரு மண்வெட்டி.

"தூர் வாரற அன்னைக்குக் கரையில யாரும் சும்மா நிக்கறதில்லை. அந்தக் கல்லுல இருந்து இந்தக் கல்லு வரைக்கும் உன்னோடது."

"எனக்குப் பழக்கம் இல்லைம்மா."

"பழக்கம் இருக்கற வேலையை நீ எப்படிச் செஞ்சேன்னு பாத்தாச்சு."

நெலிதா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். மண் இறுகிக் கிடந்தது. நாலாவது வெட்டிலேயே உள்ளங்கை எரிந்தது. பக்கத்துப் பங்கில் அபெலார்தோ வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டிக்கொண்டு மட்டும் இருக்க அவனால் முடியவில்லை.

"ஏ மியூசியம். மண்வெட்டி எதுலயாவது தட்டுச்சுன்னா நிறுத்திக் கூப்பிடு. நீயா தண்ணி ஊத்திப் பாக்காதே."

வாய்க்கால் நெடுகச் சிரித்தார்கள். லிதுவினா சிரிக்கவில்லை. மதகின் மேல் நின்று நெலிதாவின் பங்கைப் பார்த்தாள்.

"இன்னும் ஆழமா" என்றாள்.

நெலிதா குனிந்து, மண்வெட்டியை மெதுவாக இறக்கினாள்.